ஒரு குறைக்குப் பல ஆங்கிலப் பெயர்கள்

ஜப்பான்காரர்கள் காலத்தில் நானும் என் தோழியும் ஆங்கிலம் பேசிய இடம், எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு துருவும் இடம். துருவுகிற சத்தத்தில் நாங்கள் பேசுவது சடக்கில், அதாவது வெளிச் சாலையில், போகிறவர்களுக்குக் கேட்காது. கேட்டால்தான் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அப்பா பயந்தார். அவர் பயந்தால் வீட்டில் எல்லாரும் பயப்பட வேண்டும்.

எங்கள் வாடகை வீடு மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்தது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட செட்டிகளின் குடியிருப்பு. வேலியில் ஒரு பலகை கழன்று கிடந்தது, அதை யாரும் திரும்ப அடிக்கவில்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் என் தோழி வருவாள். செட்டி வீட்டுப் பெண். நெற்றியில் விபூதி, வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், எங்களைவிட ஒழுங்காகச் சாமி கும்பிடுவார்கள். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். உறவுமுறையிலும் சாமி காரியத்திலும் சில தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் ஊர்க்கதை என்றால் எங்களுக்குள் மலாய், படிப்புச் சம்பந்தமான பேச்சென்றால் ஆங்கிலம்.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. கடைசி வருஷப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு கட்டுரை கொடுத்திருந்தார். சிறு நகரத்தில் வாழ்வதன் அட்வான்டேஜ், டிஸட்வான்டேஜ். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலிப்பூட்டக் கூடாது, டிஸட்வான்டேஜுக்கு வேறு சொற்கள் ஏராளமாக இருக்கின்றன, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். திங்கட்கிழமை வந்தது, பள்ளிக்கூடம் இல்லை. பிறகு அதே கட்டடத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் போகவில்லை. அந்தக் கட்டுரை மட்டும் எங்களை விடவில்லை. எழுதக் காகிதம் இல்லாத காலம் என்பதால் கிழங்கு துருவிக்கொண்டே அதை வாயால் எழுதினோம்.

கஷ்டகாலம் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கட்டுரைக்கு அதைப் போலச் சௌகரியமான காலம் வேறு வாய்த்திருக்காது. எங்கே திரும்பினாலும் டிஸட்வான்டேஜ். எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும், ஆனால் மழை இல்லாவிட்டால் வற்றிவிடும். அது ட்ராபேக். நல்லதாக இருக்கிற ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் ட்ராபேக், முழுக்கக் கெட்டதற்கு அந்தச் சொல் பொருந்தாது என்பாள் தோழி. அவளுடைய அம்மா தேங்காய் எண்ணெயில் சோப்புக் காய்ச்சலாம் என்று அடுப்பு மூட்டி, எண்ணெய் ஊற்றி, எல்லாம் ஆன பிறகுதான் சுண்ணாம்பு தீர்ந்துபோனது தெரிந்தது. அது ஸ்நாக். காரியத்தில் இறங்கிய பிறகு காலில் தட்டுப்படுவது. ஹிட்ச் அதைவிடச் சின்னது. அப்பா டயர் கிடைக்காமல் சைக்கிள் சக்கரத்தில் தோட்டத்து ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தார். பாதி வழியில் அது அவிழ்ந்துவிடும். இறங்கித் திரும்பக் கட்டிக்கொண்டு போவார். அதற்கு ஹிட்ச் போதும்.

லயபிலிட்டி என்றால் நம்மிடம் இருப்பதாலேயே நம் தலைக்கு வினையாவது. அன்றைக்கு எங்கள் ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் லயபிலிட்டி. அப்பா அவற்றை டின்னில் போட்டுக் கோழிக்கூட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். கோழிகள் அதன் மேல் படுத்து முட்டையிட்டன. ஷார்ட்கமிங் பொருள்களுக்குச் சரிவராது, மனிதர்களின் குணத்துக்குத்தான். அப்பா எந்தக் காரியத்தையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவார். அது அவருடைய ஷார்ட்கமிங் என்று இரண்டு பேரும் ஏகமனதாக முடிவு செய்தோம்.

இன்கன்வீனியன்ஸ் என்ற சொல்லுக்கு எங்களுக்குக் கிடைத்த உதாரணம் கடிகாரம். ஊர்க் கடிகாரங்களை எல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். காலை வேலைக்குக் கிளம்புகிற நேரம் என்று கடிகாரம் சொல்லும், வெளியே சேவல் கூடக் கூவியிருக்காது. முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். பிறகு அதற்கேற்ற மாதிரி அடுப்பு மூட்டவும் படுக்கவும் பழகிக்கொண்டார்கள். இதில் யாருக்கும் அவமானம் இல்லை, இருக்கிறதை வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான், அதனால் இது இன்கன்வீனியன்ஸ் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். நான் ஒப்புக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நாங்கள் எந்தச் சொல்லின் கீழும் வைக்கவில்லை. அது என் இடது கால்.

சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனது, போகும்போது அந்தக் காலின் சதையையும் கொஞ்சம் கொண்டுபோய்விட்டது. வலது காலைவிட அது மெலிந்து குட்டையாக நின்றுவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் என் உடம்பு இடது பக்கம் சாய்ந்து எழும். எங்கள் ஆசிரியை அதை ஹேண்டிகேப் என்பார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் விளையாட்டுப் போட்டி நாளில் என்னை மரத்தடியில் உட்காரவைத்து, ஓடிவந்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். இன்றைக்கும் ஹேண்டிகேப் என்று யாராவது சொன்னால் எனக்கு எலுமிச்சை வாசனை வரும். அம்மா அதற்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. யாராவது கேட்டால், புள்ளை கொஞ்சம் அசைந்து நடக்கிறாள் என்பாள். ஊரார் குறை என்றார்கள். சோற்றில் உப்பில்லாவிட்டாலும் குறை, சாமிக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யாவிட்டாலும் குறை, என் காலும் குறை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும் என்று எங்கள் ஆட்கள் நினைத்ததில் எனக்குக் கோபம் இருந்தது.

அப்போது பெண் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்தது. சிப்பாய்கள் கண்ணில் படுவதற்குள் ஒருவன் கையில் பிடித்துக்கொடுத்துவிட வேண்டும் என்ற பயம். என் முறை வந்தது. தரகு பேசுகிற ஒருத்தி பக்கத்துச் செமாபோக்கில் இருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். பையனுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரெஸர் வேலை. ஆஸ்பத்திரி ஆளை, போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துப் போகமாட்டார்கள் என்று அம்மா அந்த வரனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா ரயில் ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்தவர். மலாக்காவின் தண்டவாளத்தைக் கழற்றிச் சயாமுக்கு அனுப்பிவிட்ட பிறகு அவருக்கு ஸ்டேஷன் இருந்தது, ரயில் இல்லை. அவர் எதற்கும் சரி சரி என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணுக்கோ பையனுக்கோ உள்ள குறையைச் சபையில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் தட்டை வாங்கிக்கொண்டால், அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதை எடுத்துப் பேசக் கூடாது. சொல்லாமல் மாற்றிய தட்டுக்கு அந்தக் காவல் இல்லை. என் பெரியம்மா மகளுக்கு ஒரு காது மந்தம். அதை மறைத்துத் தட்டை மாற்றினார்கள். அப்புறம் அவள் மாமியார் வீட்டில் சோறு குழைந்தாலும் காதுதான் காரணம், மழையில் துணி நனைந்தாலும் காதுதான் காரணம். நான் அப்படி வாழத் தயாராக இல்லை. கல்யாணம் நடக்காமல் போனாலும் போகட்டும், என் காலைச் சொல்லிவிட்டுத்தான் தட்டை மாற்ற வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நீ வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தாப் போதும். தாலி ஏறுனப்புறம் அவங்க பாத்துக்கட்டும்" என்றாள் அம்மா.

அப்பாவிடம் போனேன். சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவருடைய ஷார்ட்கமிங் எனக்குத் தெரியாதா.

அம்மாவின் திட்டம் எளிமையானது. அவர்கள் வருவதற்கு முன்பே என்னை நடுவீட்டின் ஓரத்தில் பாயில் உட்காரவைத்துவிடுவது. கையில் ஒரு சட்டையும் ஊசியும் கொடுத்து வேலை செய்கிற மாதிரி காட்டுவது. எழுந்திருக்கவே கூடாது. வந்தவர்களுக்குக் குடிக்கக் கொண்டுபோய்க் கொடுக்க என் தோழியைக் கூப்பிட்டுக்கொண்டாள். இன்னொரு சங்கடம், எனக்குக் கட்டிக்கொள்ள நல்ல துணி இல்லை. என் பட்டுச் சேலை குருபோங் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரிசியாக மாறி எங்கள் வயிற்றுக்குள் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. தோழி தன்னிடம் இருந்த ஒரே நல்ல உடையை, இடுப்பில் சுற்றும் சாரோங்கையும் மேலே போடும் கெபாயாவையும், எனக்கு உடுத்திவிட்டாள். சாரோங் கணுக்கால்வரை இறங்கிக் காலை மறைத்ததில் அம்மாவுக்குப் பரம திருப்தி. தன் நல்ல துணியை எனக்குக் கொடுத்துவிட்டதால் அவளுக்கு மாற்றுத் துணி இல்லை. என் பழைய பாவாடை தாவணியை அவள் கட்டிக்கொண்டாள். இதில் வரப்போகிற வில்லங்கம் வீட்டில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

மதியம் திரும்பிய பிறகு பையனும் அவன் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். அப்பா தாய்மாமனைப் பிடித்துக்கொண்டு தண்டவாளம் போன கதையை ஆரம்பித்துவிட்டார். அம்மா அடுப்படியில் கிழங்குப் பணியாரத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். நான் ஓரமாகச் சாரோங் கெபாயாவில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பாவாடை தாவணியில், தலை குனிந்து, சோளத்தை வறுத்துப் பொடித்த காப்பித் தட்டோடு என் தோழி வந்தாள்.

பெண் பார்க்க வந்த வீட்டில் தட்டோடு வருகிறவள் யார்? இதைக் கேட்க வேண்டுமா. பையனின் அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பக்கத்துச் செட்டி வீட்டுப் பெண் என்று எடுத்துக்கொண்டு என் பக்கம் ஒரு மரியாதைச் சிரிப்பைச் சிந்தினார். பிறகு தோழியை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்து, சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா, செமாபோக்குக் கோயிலுக்கு வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோழிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. விருந்தாளி கேட்கிறாரே என்று எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினாள். இந்தக் காலத்தில் இப்படி அடக்கமான பிள்ளையைப் பார்க்க முடியுமா என்று அந்தம்மா தம்பியிடம் சொல்லிக்கொண்டார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதன் பிறகு, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. சாரோங்குக்குள் கால் பத்திரமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்துவிடலாம் போல இருந்தது. அப்போது அந்தம்மா பையிலிருந்து வாழை இலைச் சுருளைப் பிரித்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். தோழியின் தலையைத் தன் பக்கம் திருப்பினார். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அப்பா தண்டவாளத்தை விட்டுவிட்டு, "அது வந்துங்க..." என்றார்.

நான் எழுந்தேன். பாயிலிருந்து அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடுவீட்டின் நீளம் முழுவதும் நடக்க வேண்டும். சாரோங் இறுக்கமாக இருந்ததால் வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்தேன். மறைப்பதற்கு எதுவும் செய்யவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டையும் விழுங்கிக்கொண்டு போய் அந்தம்மா முன்னால் நின்றேன்.

"பொண்ணு நாந்தாங்க. அவ என் கூட்டாளி, அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு எடது காலு கட்டை. தட்டு மாத்துறதுக்கு முன்னாடி சொல்லணும், அதான் சொல்லிட்டேன்."

அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தாய்மாமன் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மா கையில் மல்லிகைச் சரம் அப்படியே தொங்கியது. என்னை ஒரு தடவை திரும்ப நடந்துவிட்டு வரச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சந்தையில் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பது போலப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பார்த்துவிட்டே போகட்டும் என்று பாய்வரை போய்த் திரும்பி வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களையே, தையற்காரர் அளவு எடுப்பது போலப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"நம்ம வீட்டு வாசப்படி ஒசரம்டா. வலது கால எடுத்து வெச்சுத்தானே உள்ள வரணும், அப்ப பாரம் பூரா எடது கால்ல எறங்கும். புடிச்சுக்க ஒண்ணுமில்லாம இந்தப் புள்ள எப்படி ஏறும்? எடது பக்கமா ஒரு கைப்பிடி போட்டுரு."

பையன் சரிம்மா என்றார். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்து வைக்கச் சொன்னால் எப்படிச் சொல்வாரோ அப்படி. அந்தம்மா என்னை உட்காரச் சொல்லி மல்லிகையை என் தலையில் வைத்தார். அப்போதுதான் அழுதேன். அம்மாவும் அழுதாள், பணியாரம் கருகியது. அப்பா தட்டை எடுத்து, இந்த ஒரு காரியத்தை மட்டும் நாளைக்கு என்று தள்ளாமல், அங்கேயே மாற்றினார்.

அவர்கள் போன பிறகு தோழியைப் பின்பக்கம் அழைத்துப்போய் நடந்ததை எல்லாம் மலாயில் சொன்னேன். தனக்குத்தான் பூ வைக்க வந்தார்கள் என்று தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலையாட்டித் தலையாட்டி எனக்கு வந்த மாப்பிள்ளையைத் தனக்கு நிச்சயம் செய்துகொள்ளப் பார்த்தாள் என்று நான் அவளைக் கேலி செய்தேன். கைப்பிடி விஷயத்துக்கு வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்தம்மா சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கிழங்கைத் துருவினாள். பிறகு ஆங்கிலத்தில், இன்கன்வீனியன்ஸ் என்றாள். அந்தம்மாவுக்கு அந்தச் சொல்லும் தெரியாது, அந்தக் கட்டுரையும் தெரியாது, ஆனால் உன் காலை அங்கேதான் வைத்திருக்கிறார் என்றாள்.

பார்க்கப் போனால் அந்தச் சொற்கள் எல்லாமே பார்க்கிறவர் நிற்கும் இடத்தைச் சொல்கிற சொற்கள். அம்மாவுக்கு நான் ட்ராபேக் உள்ள பெண், கல்யாணச் சந்தையில் தள்ளிவிட வேண்டும். ஆசிரியைக்கு ஹேண்டிகேப், ஓடுகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார். தரகு பேசியவளுக்கு நான் ஒரு ஸ்நாக். யாரும் என் காலின் பக்கம் நின்று பார்க்கவில்லை. செமாபோக்கிலிருந்து வந்த அந்தம்மா மட்டும் என் பாரம் எந்தக் காலில் இறங்கும் என்று பார்த்தார்.

கல்யாணம் எளிமையாக நடந்தது. அதே சாரோங் துணியை ஒட்டுப்போட்டுத் தோழி எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. செமாபோக்கில் வண்டியை விட்டு இறங்கியதும் நான் பார்த்தது ஆரத்தித் தட்டையோ கூடி நின்றவர்களையோ அல்ல. வாசற்படியின் இடது பக்கம் ஒரு பாக்கு மரத்துண்டு, சிலாம்பு குத்தாமல் வழவழவென்று சீவி, என் இடுப்பு உயரத்துக்கு நட்டுக் கட்டியிருந்தது. என் உயரத்தை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று பின்னால் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். வந்ததிலிருந்து ஒரே பொத்தானைத் தைத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தவள்தான் பெண் என்று எனக்கு முதலிலேயே தெரியும், எழுந்து வந்தபோது பார்த்துக்கொண்டேன் என்றார். தெரிந்தும் பூ வைக்கும்வரை வாயைத் திறக்கவில்லையே என்று அதற்கு ஒரு சண்டை போட்டேன்.

வலது காலை எடுத்து வைத்து வாம்மா என்றார் மாமியார். இடது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தேன். சாயாமல் ஏறினேன். அன்றிலிருந்து அவர் கண்மூடும்வரை, எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது, உப்புக்கும் புளிக்கும் கூட வந்திருக்கிறது, என் காலை அவர் ஒரு நாளும் பேச்சுக்குள் இழுத்ததில்லை.

பாக்கு மரம் மழையில் உளுத்துப்போகும். உளுத்தால் வேறு நடுவோம். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், மூத்தவள் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டு வந்து என்னிடம் கேட்டாள், ஏம்மா அவங்க வீட்டு வாசலில் கைப்பிடியே இல்லை, அவங்கெல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவாங்க என்று.